இலகுவான மட்டையைத் தேடி

கடந்த நவம்பரில் என் வலது முழங்கை வலிக்கத் தொடங்கியது. முதலில் இறகுப்பந்து ஆடிய இரவுகளில் மட்டும் வந்தது. பிறகு வாளி தூக்கும்போதும், கதவுத் தாழ்ப்பாளைத் திருகும்போதும் வந்தது. டிசம்பரில் நுண்ணோக்கியின் குவியத் திருகைத் திருப்புவதற்கே இடக்கையைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. மிதவை உயிரிகளை எண்ணுவதே என் ஆய்வின் பெரும்பகுதி. 50 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் கொண்ட செட்ஜ்விக் ராஃப்டர் எண்ணுகலத்தில் ஒரு மில்லிலிட்டர் நீரை நிரப்பி, அதன் ஆயிரம் கட்டங்களைக் கட்டம் கட்டமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். எண்ணப்படாத மாதிரிகள் அலமாரியில் வரிசையாக நின்றன. ஆய்வேடு ஒப்படைக்க ஓராண்டுதான் மீதமிருந்தது.

ஆட்டத்தை நிறுத்திவிடு என்றார்கள் தோழியர். நியாயமான அறிவுரைதான். ஆனால் கராச்சர்மாவில் தங்கிப் படிப்பவர்களுக்கு மாலை என்றால் என்னவென்று தெரியும். இந்திய நேரத்தைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, நாட்டின் கிழக்கோரத்தில் வாழ்கிறோம். நவம்பர் இறுதியில் ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். புரூக்‌ஷாபாத் வளாகத்திலிருந்து அறைக்குத் திரும்பும்போது முழு இருட்டு. அதன்பின் உறங்கும் வரையிலான ஐந்தாறு மணி நேரத்தில் எனக்கென்று இருந்தது, ஒரு கூடத்தின் சிமெண்டுத் தரையில் விளக்கொளியில் ஆடும் அந்த ஒரு மணி நேரம்தான். வங்காளி, ராஞ்சி, தெலுங்கு, மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகளோடு அந்தமான் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டு ஆடிய அந்த நேரத்தில்தான் நான் ஆய்வாளர் என்பதை மறந்திருக்கிறேன். அதை விட மனமில்லை. ஆகவே, குற்றம் மட்டையுடையது என்று முடிவு செய்தேன். இன்னும் இலகுவான மட்டை ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்று எண்ணினேன்.

நெட் தேர்வின் வழி உதவித்தொகை பெறாதவர்களுக்கு மையப் பல்கலைக்கழகங்களில் கிடைப்பது மாதம் 8000 ரூபாய். அதில் அறை வாடகை போக, நல்ல மட்டை என்பது பல மாதச் சேமிப்பு. மேலும், கடல் கடந்து வரும் பொருளைப் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்புவது இங்கே எளிதன்று. அபர்தீன் பஜாரில் கிடைப்பவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்; நான் தேடிய வகை அங்கே இல்லை. பார்க்காமல், தொடாமல், எண்களை மட்டும் நம்பி ஒரே முறை தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே எண்களைப் படிக்கத் தொடங்கினேன்.

மட்டையின் கழுத்தருகே 3யூ, 4யூ, 5யூ என்று அச்சிட்டிருப்பார்கள். எண் கூடக் கூட எடை குறையும். யோனெக்ஸ் கணக்கில் 3யூ என்றால் 85 முதல் 89.9 கிராம் வரை, 4யூ என்றால் 80 முதல் 84.9, 5யூ என்றால் 75 முதல் 79.9. அதற்கும் கீழே எழுபது கிராம் அளவிலான மட்டைகளும் உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த வகுப்புகள் சிறிது மாறும். விளையாட்டின் விதிகளோ மட்டையின் எடையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மொத்த நீளம் 680 மி.மீ., அகலம் 230 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது என்பதோடு சரி. இறகுப்பந்துக்கு மட்டும் 4.74 முதல் 5.50 கிராம் வரை என்ற கண்டிப்பான எல்லை இருக்கிறது. ஐந்து கிராம் பொருளை அடிக்க எத்தனை கிராம் தேவை என்பதை விதி ஆடுபவரிடமே விட்டுவிட்டது.

என் மட்டை 4யூ. ஒரு நாள் அதை ஆய்வகத் தராசில் வைத்தேன். 98 கிராம் காட்டியது. தராசைச் சரிபார்த்துவிட்டு மீண்டும் வைத்தேன், அதே 98. பிறகுதான் விளங்கியது. அச்சிட்ட எடை நரம்பு கட்டாத மட்டைக்குரியது. நரம்பு ஐந்து கிராம் அளவுக்கு வரும். இந்த ஊரின் ஈரப்பதத்தில் உள்ளங்கை வழுக்காமலிருக்க நான் கிரிப்பின்மேல் இரண்டு சுற்று ஓவர் கிரிப் சுற்றியிருந்தேன். அவை வியர்வையையும் குடித்திருந்தன. இரண்டையும் உரித்ததும் எடை 87 ஆயிற்று. ஐந்து கிராம் இலகுவான மட்டைக்குப் பல மாதம் சேமிக்க நினைத்தவள், பதினொரு கிராமை என் கையாலேயே சுற்றி வைத்திருந்தேன்.

இந்தக் கண்டுபிடிப்பைக் கூடத்தில் பெருமையாகச் சொன்னபோது ஓர் அண்ணாச்சி சிரித்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்தவர். இளமையில் ஊரில் ஐவர் பூப்பந்து ஆடியவர். இறகுப்பந்து அன்று, தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படும், மஞ்சள் கம்பளிப் பந்தால் ஆடும் ஆட்டம். அந்தப் பந்தே 27 முதல் 30 கிராம் வரை இருக்கும். மட்டை 165 முதல் 185 கிராம். அவருடைய பழைய மர மட்டை இன்றும் வீட்டில் இருக்கிறது. ஈரத்தில் வளைந்துவிடாதபடி நான்கு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் அதை இறுக்கி வைத்திருக்கிறார்.

“எடைய தராசுல பாக்காதம்மா. வீசிப் பாரு. கைக்கிட்ட இருக்க கனம் கனமே இல்ல” என்றார்.

அவர் சொன்னது இளநிலை இயற்பியலில் நாம் படித்த பாடம்தான். சுழலும் பொருளில் ஒவ்வொரு துளி நிறையும், சுழல் அச்சிலிருந்து அது இருக்கும் தொலைவின் இருமடியால் பெருக்கப்படுகிறது. நிலைமத் திருப்புத்திறன் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். மட்டையின் அடிமுனையை அச்சாகக் கொண்டால், நரம்புகளின் நடுப்பகுதி ஏறத்தாழ 54 செ.மீ. தொலைவில் இருக்கிறது, ஓவர் கிரிப்பின் நடுப்பகுதி 9 செ.மீ. தொலைவில். ஆறு மடங்கு தொலைவு என்றால் முப்பத்தாறு மடங்கு தடை. ஐந்து கிராம் நரம்பும் ஐந்து கிராம் ஓவர் கிரிப்பும் தராசுக்குத்தான் சமம், முழங்கைக்கு அல்ல. நான் உரித்தெறிந்த பதினொரு கிராம் வீச்சில் ஏறக்குறைய எந்த வேறுபாட்டையும் தரவில்லை. அதைக் கை உணர்ந்திருந்தது, நான்தான் நம்பவில்லை.

எனவே இன்னொரு சோதனை செய்தேன். சக ஆட்டக்காரர் ஒருவரிடம் 3யூ மட்டையை இரவல் வாங்கினேன். நரம்போடு அது 93 கிராம், என்னுடையது 87. இரண்டையும் அளவுகோலின் விளிம்பில் கிடத்தி ஈர்ப்பு மையத்தைக் கண்டேன். என்னுடையதில் அது அடிமுனையிலிருந்து 308 மி.மீ. தொலைவில் இருந்தது, இரவல் மட்டையில் 282 மி.மீ. பிறகு அடிமுனையிலிருந்து 7 செ.மீ. தொலைவில் தாங்கிப் பிடித்து, கூட்டு ஊசலைப் போல ஆட விட்டு, இருபது அலைவுகளுக்கு நேரம் குறித்தேன். பலமுறை எடுத்த சராசரியில் என்னுடையது 25.7 நொடி, இரவல் மட்டை 26.0 நொடி. நிறை, தொலைவு, அலைவு நேரம் மூன்றையும் கொண்டு கணக்கிட்டால் என் மட்டையின் திருப்புத்திறன் ஏறத்தாழ 85 கி.கி.செ.மீ.², இரவல் மட்டையுடையது 83. பிழை வரம்பை விட்டுக்கொடுத்தாலும், ஆறு கிராம் கனமான மட்டை வீசுவதற்குக் கனமாக இல்லை. என் மட்டை தலைக்கனம் உள்ளது. எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக ஓராண்டுக்கு முன் நானே விரும்பி வாங்கியது அது.

தலைக்கனம் இருந்தால்தான் ஸ்மாஷ் வலுக்கும் என்றும் நம்பியிருந்தேன். 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த சோதனையில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்துக் கின்னஸ் பதிவு பெற்றார். அவர் கையில் இருந்தது தலை இலகுவான நானோஃப்ளேர் வகை மட்டை. அவருடைய தோளும் மணிக்கட்டும் நமக்கு இல்லை என்பது வேறு செய்தி. ஆனால் வேகம் தலையின் கனத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதற்கு அது போதும்.

அப்படியானால் மிக இலகுவான மட்டையே நல்லதல்லவா? எழுபது கிராம் அளவிலான ஒன்றை ஒரு மாலை ஆடிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. வலைக்கருகே அது விசிறி போல இருந்தது. பின் எல்லையிலிருந்து உயர்த்தி அடித்தபோதோ பந்து பாதி ஆடுகளத்தில் விழுந்தது. மட்டையில் இல்லாத நிறையை என் கை ஈடு செய்ய முயன்றது. ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இறுக்கிப் பிடித்தேன். அன்றிரவு வலி அதிகமாகவே இருந்தது. நரம்பின் இழுவிசையும் என் தவறுதான். தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்து 28 பவுண்டு கட்டச் சொல்லியிருந்தேன். இழுவிசை ஏறும்போது பந்து நன்கு எகிறும் பகுதி சுருங்குகிறது. நடுவில் படாத ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் கைக்கு ஏறுகிறது. என் அடிகளில் பல நடுவில் படுவதில்லை.

ஜனவரியில் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். எண்களை எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோனேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். பிறகு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஆடுகிறேன் என்று கேட்டார். ஒரு மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றேன். நுண்ணோக்கியில் எத்தனை மணி? ஏழு, எட்டு. முழங்கையை எங்கே வைத்திருப்பீர்கள்? எங்கும் வைப்பதில்லை, அந்தரத்தில் தொங்கும். மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் சேரும் இடத்தில்தான் வலி. அதைப் பொதுவாக டென்னிஸ் எல்போ என்கிறார்கள். அது வந்தவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. மட்டை ஒரு மணி நேரம் சுமத்தியதை, நுண்ணோக்கி எட்டு மணி நேரம் சுமத்தியிருந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. தரவு சேகரித்துப் பழகிய ஒருத்தி, இரண்டு மாதம் ஒரே மாறியை மட்டும் அளந்துகொண்டிருந்தேன். ஏன் என்று பின்னர் யோசித்தேன். மட்டையை மாற்ற முடியும். பணம் சேர்த்தால் போதும். ஆய்வேட்டை மாற்ற முடியாது. நீக்க முடியாத காரணத்தை நோக்காமல், வாங்கித் தீர்க்கக்கூடிய காரணத்தின்மீது முழு அறிவையும் செலுத்தினேன். தராசும் ஊசலும் சொன்னவை சரிதான். நான் அவற்றிடம் கேட்ட கேள்விதான் தவறு.

ஆறு வாரம் ஆடவில்லை. அந்த ஆறு வார மாலைகளை எப்படிக் கழித்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. நுண்ணோக்கி மேசையில் மடித்த துண்டை வைத்து முழங்கையைத் தாங்கினேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தேன். என் நெறியாளரிடம் நேரே பேசி, வாரத்துக்கு எண்ணும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேன். நான் அஞ்சியதுபோல் அவர் கோபிக்கவில்லை. வலியை அவரிடம் அதுவரை நான் சொல்லியிருக்கவே இல்லை.

மட்டையும் வாங்கினேன். 5யூ, ஈர்ப்பு மையம் கைப்பக்கம் சற்றுத் தள்ளியது, நரம்பு 22 பவுண்டு. ஓவர் கிரிப் ஒன்றே ஒன்று, ஈரமானால் மாற்றிவிடுகிறேன். இப்போது வாரத்தில் மூன்று மாலை ஆடுகிறேன். வலி முழுவதும் போய்விடவில்லை. திருகைத் திருப்ப இடக்கை தேவைப்படுவதில்லை.

மட்டை வாங்கப்போகும் தம்பி தங்கையருக்குச் சில சொல்கிறேன். யூ எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்; ஈர்ப்பு மையம் எங்கே என்று கேளுங்கள். முடிந்தால் நரம்பு கட்டிய மட்டையை இரவல் வாங்கி ஒரு வாரம் ஆடுங்கள். தொடக்கநிலையில் இழுவிசை 22, 23 பவுண்டு போதும். இவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் கை வலித்தால், மட்டையைத் தராசில் வைப்பதற்கு முன் உங்கள் நாளின் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் எடை போடுங்கள். நெறியாளரிடம் சொல்லுங்கள். நான் சொல்ல இரண்டு மாதம் தாமதித்தேன்.

அண்ணாச்சி சென்ற வாரம் தம் மர மட்டையைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். திருகுகளைத் தளர்த்திச் சட்டத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரே ஒரு முறை வீசிப் பார்த்தேன். தோள் வரை அந்தக் கனம் ஏறியது. “இதுல எப்படி அண்ணாச்சி ஆடுனீங்க?” என்றேன்.

“நாங்க பகல்ல உப்பளத்துல வேலை பாத்தவங்கம்மா. சாயங்காலம் இது பஞ்சு மாதிரி இருக்கும்” என்றார்.