இருட்டறை கற்பித்த பாடம்

'மூன்றாம் பிறை' (1982) திரைப்படத்தின் இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட கேத்தி ரயில் நிலையத்தை நீலகிரிக்கு வருவோர் பலர் தேடிச் சென்று பார்க்கின்றனர். ஆனால் காட்சிகளைத் தாங்கும் படச்சுருளே ஒரு காலத்தில் உதகையில் உருவானது என்பதைச் சிலரே அறிவர். 1960-இல் நடுவண் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, நிலவைக் குறிக்கும் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களைத் தந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது.

அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் என் பங்கில் இருக்கிறார். அவருடைய மனைவி இறந்தபோது, அடக்கத் திருப்பலி முடிந்த கையோடு அவர் கையைப் பற்றி, "எல்லாம் இறைவன் சித்தம் ஐயா, அழாதீர்கள்" என்றேன். அதன்பின் ஐந்து மாதங்கள் அவர் கோயிலுக்கு வரவில்லை.

ஒரு மாலை அவர் வீட்டிற்குச் சென்றேன். ஆறுதல் மொழிகள் என்னிடம் தீர்ந்துவிட்டிருந்தன. எனவே, "படச்சுருளை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

வெள்ளி நைட்ரேட்டையும் புரோமைடு உப்பையும் ஜெலட்டினில் கலந்தால் ஒளிபட்டு மாறும் நுண்படிகங்கள் உண்டாகும். அக்கலவையைக் கண்ணாடி போன்ற மெல்லிய தாளின்மீது சீராகப் பூசி, உலர்த்தி, நறுக்கி, ஓரத்தில் துளையிட வேண்டும். எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருளுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. முழு இருட்டில் கைகளே கண்கள்.

"கேமராவில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படங்கள் பதியும் சாமி. ஆனால் பதிந்ததும் சுருளைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உருவம் உள்ளே ஒளிந்திருக்கும். இருட்டிலேயே மருந்தில் நனைத்தால்தான் ஒளிபட்ட இடமெல்லாம் வெள்ளியாகிக் கறுக்கும். பிறகு இன்னொரு மருந்தில் மிச்ச உப்பைக் கரைத்தெடுக்க வேண்டும். அதற்குள் ஆசைப்பட்டுக் கதவைத் திறந்தால் எல்லாம் பாழ்."

சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின் தாழ்ந்த குரலில், "அன்றைக்கு நீங்கள் கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள் சாமி" என்றார்.

நான் தலைகுனிந்தேன். துயருற்றவருக்கு ஒளி தருவதாக எண்ணி, அவர் உள்ளத்தில் பதிந்திருந்த உருவத்தையே அழிக்க முற்பட்டிருக்கிறேன். இறையியல் படித்த எனக்கு விடைகளைச் சொல்லத் தெரிந்திருந்தது. இருட்டில் உடன் நிற்கத் தெரியவில்லை. "மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா" என்றேன். அன்று நாங்கள் செபம் ஏதும் சொல்லவில்லை. தேநீர் அருந்தி, மனைவியைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உயிர்ப்புப் பெருவிழாவின் திருவிழிப்பை நாம் விளக்குகளை அணைத்துவிட்டே தொடங்குகிறோம். அடுத்த ஆண்டு அவ்விரவில் அவர் கடைசி இருக்கையில் இருந்தார். பாஸ்காத் திரியை ஏற்றுமுன் நான் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் இருளில் நின்றேன்.