நான்கு மாதச் சிப்பாய்

ஜனவரி 11

என் கணவர் வழி முன்னோர் ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் இருந்தார் என்பது இந்த வீட்டில் பல தலைமுறைகளாக வழங்கிவரும் பேச்சு. எந்தப் பிரிவு, எத்தனை மாதம், எந்தக் களம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. கையிலிருந்த பழைய காகிதங்களையெல்லாம் பெட்டியோடு என்னிடம் கொடுத்து, “நான் கண்ணை மூடுறதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்லு” என்றார்.

என் பிள்ளைகளுக்கு என் வழிப் பாட்டன், பூட்டன் பெயரும் ஊரும் தெரியும். அப்பா வழியில் ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறி வந்தவரைப் பற்றி ஒரு வரிகூடத் தெரியாது. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. உறவுக்காரர்கள் பலர் இருப்பதால் குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. ‘பெரியவர்’ என்றே குறிக்கிறேன்.

ஜனவரி 19

பிலடெல்பியாவில் இறங்கிய ஜெர்மானியர்களின் பெயர்ப் பட்டியல் 1727 முதல் கிடைக்கிறது. அந்நிய மொழிக்காரர்கள் இப்படித் திரள் திரளாக வருகிறார்களே என்று குடியேற்ற ஆட்சியாளர்களுக்கு ஏற்பட்ட பயத்தில் பிறந்த பட்டியல் அது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும். ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் இந்தப் பட்டியல்களை 1934-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். இரண்டாம் தொகுதி முழுவதும் கையெழுத்துகளின் நகல்தான். எழுதத் தெரியாதவர்கள் போட்ட கீறல்களும் அதில் உண்டு.

பெரியவர் 1772 இலையுதிர் காலத்தில் வந்திருக்கிறார். ரோட்டர்டாமில் ஏறி, இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகம் வழியாக வந்த கப்பல். கீறல் இல்லை, ஜெர்மன் எழுத்தில் கையெழுத்தே போட்டிருக்கிறார்.

நல்ல காலம், அதே ஆண்டுகளுக்கு இன்னொரு பதிவேடும் தப்பிப் பிழைத்திருக்கிறது. 1771 அக்டோபர் முதல் 1773 அக்டோபர் வரை பிலடெல்பியா மேயர் அலுவலகத்தில் எழுதப்பட்டது. கப்பல் கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் தங்கள் உழைப்பை எந்த எஜமானுக்கு, எந்த ஊரில், எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு பணத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பது அதில் வரிவரியாக இருக்கிறது. பெரியவர் பெர்க்ஸ் கவுண்டி விவசாயி ஒருவருக்கு நான்கு ஆண்டு. கணக்குப் போட்டால், நாடு சுதந்திரம் அறிவித்த 1776-இல்தான் இவரும் விடுபட்டிருக்கிறார்.

பிப்ரவரி 2

பெயர்தான் பெரும் பாடு. கப்பல் பட்டியலில் ஒரு விதம், மேயர் பதிவேட்டில் வேறு விதம், தேவாலயப் பதிவில் மூன்றாவது விதம். எழுதியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள். காதில் விழுந்ததை எழுதினார்கள். ஜெர்மனியின் பலாட்டினேட் பகுதிப் பேச்சில் ‘கே’ ஒலியும் ‘ஜி’ ஒலியும் கலந்து வருவதால் ஒரே பெயர் ஆங்கிலத்தில் கே, ஜி, சி மூன்றில் எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். கிரைடர் என்ற பெயரை மூன்று இடத்திலும் தேட வேண்டும். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே கிரைடர்தான். அதனால் நோட்டில் எல்லாப் பெயர்களையும் முதலில் தமிழில் எழுதிக்கொள்கிறேன். பிறகு, அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் எத்தனை வடிவம் உண்டோ அத்தனையையும் பக்கத்தில் போட்டு ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். தமிழ்க் காது இந்த வேலைக்கு உதவும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆகிவிட்ட குடும்பங்களும் உண்டு. எங்களுடையது அப்படி ஆகாதது பெரிய நிம்மதி.

பிப்ரவரி 16

ஹாரிஸ்பர்க். மாநில ஆவணக் காப்பகத்தின் போர்க்கால அட்டைகளில் இன்றைய நாள் போயிற்று.

1777 மார்ச்சில் பென்சில்வேனியா ஒரு குடிப்படைச் சட்டம் போட்டது. 18 முதல் 53 வயது வரையிலான வெள்ளையின ஆண்கள் எல்லோரும் பெயர் பதிய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் எட்டு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆபத்து வந்தால் முதல் வகுப்பு, போதாவிட்டால் இரண்டாம் வகுப்பு என்று முறைவைத்துக் கூப்பிடுவார்கள். ஒரு முறை போனால் இரண்டு மாதம். போக மனமில்லாதவர் தமக்குப் பதில் ஓர் ஆளை அனுப்பலாம், இல்லையென்றால் அபராதம் கட்டலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வகுப்புப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதால் அவர் போருக்குப் போனார் என்று ஆகாது. போகக் கடமைப்பட்டவர் என்றுதான் அர்த்தம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எத்தனையோ குடும்பங்கள் தாத்தாவுக்குப் போர்க்கள மாலை சூட்டிவிடுகின்றன.

வகுப்புகளை அழைத்த பிறகு, பல கம்பெனிகளின் ஆட்களைச் சேர்த்துத் தற்காலிகப் பட்டாளம் ஒன்றை அமைப்பார்கள். ஊர்க் கம்பெனியின் காப்டன் ஒருவர், களத்தில் கூட்டிப்போன காப்டன் வேறொருவர். பெரியவர் அட்டைகளிலும் இரண்டு காப்டன்கள் பெயர். வேறு வேறு ஆளோ என்று குழம்பியிருந்தேன். முறை தெரிந்ததும் தெளிந்துவிட்டது.

1777 ஜூனில் இன்னொரு சட்டம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கான விசுவாசத்தைத் துறந்து, பென்சில்வேனியாவுக்குச் சத்தியம் செய்ய வேண்டும். ஐந்தாண்டுக்கு முன் அதே மன்னர் பெயரால் சத்தியம் செய்து இறங்கிய இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மெனோனைட்டுகளும் மொராவியர்களும் இரண்டாவது சத்தியத்துக்கு மறுத்து அபராதமும் சிறையும் பட்டார்கள். பெரியவர் லூதரன். செய்துவிட்டார்.

மார்ச் 8

கிடைத்துவிட்டது!

புரட்சிப் போர் பென்ஷன் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் சுமார் 80,000 இருக்கின்றன. மைக்ரோபிலிமில் 2,670 சுருள்கள். இப்போது வீட்டிலிருந்தே திரையில் பார்க்கலாம். உயிரோடிருந்த சிப்பாய்க்கு அனுமதித்த கோப்பென்றால் எண்ணுக்கு முன் ‘எஸ்’, விதவைக்கென்றால் ‘டபிள்யூ’, மறுக்கப்பட்டதென்றால் ‘ஆர்’. பெரியவருடையது ‘ஆர்’.

அந்த எழுத்தைப் பார்த்ததும் மனசு சோர்ந்தது உண்மை. பக்கங்களைப் புரட்டத் தொடங்கியதும் சோர்வு போய்விட்டது.

1818 சட்டம் முறையான கான்டினென்டல் படையில் ஒன்பது மாதமாவது இருந்து, இப்போது வறுமையில் வாடுபவருக்கு மட்டும்தான் பென்ஷன் தந்தது. குடிப்படைக்காரர்கள் 1832 ஜூன் 7 சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்து அரை நூற்றாண்டு! பெரும்பாலானோர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். பெரியவருக்கு எழுபத்தொன்பது. நீதிமன்றத்தில் நேரில் நின்று, ஏழு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே எப்போது பிறந்தீர்? வயதுக்குப் பதிவு உண்டா? அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தீர்? தானாகப் போனீரா, முறைப்படி அழைத்தார்களா, வேறொருவருக்குப் பதிலாகப் போனீரா? உடனிருந்த அதிகாரிகள் யார்? விடுவிப்புச் சீட்டு கிடைத்ததா, அது என்னவாயிற்று? நீர் பொய் சொல்லாதவர் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

ரெடிங் நீதிமன்றத்தில் பெரியவர் ஜெர்மனில் சொல்லியிருக்க வேண்டும். வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனாலும் ஆள் தெரிகிறார். தான் பார்க்காத எதையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. 1777 செப்டம்பரில் முறைப்படி அழைக்கப்பட்டேன் என்கிறார். பிராண்டிவைன் போரன்று ஜெனரல் ஆம்ஸ்ட்ராங்கின் கீழ் இடதுகோடியில் ஆற்றுத்துறை ஒன்றைக் காத்து நின்றோம். பீரங்கிச் சத்தம் கேட்டது, எதிரி எங்கள் பக்கம் வரவில்லை. அக்டோபர் 4, ஜெர்மன்டவுனில் ஷூல்கில் ஆற்றோரம் நடந்தோம். எதிரே ஜெர்மன் யேகர்கள், சுட்டோம், பின்வாங்கினோம். அவ்வளவுதான்.

இந்த வரிகள் வரலாற்றோடு பொருந்துகின்றன. பிராண்டிவைனில் பென்சில்வேனியா குடிப்படை பைல்ஸ் துறையில்தான் நிறுத்தப்பட்டிருந்தது. ஜெர்மன்டவுனில் அவர்களை எதிர்கொண்டது, பிரிட்டிஷ் தரப்பில் நின்ற ஹெஸ்ஸிய யேகர் படை. எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் பேசியதும் இவர் தாய்மொழியே. அதைப் பற்றி வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஏழு கேள்விகளில் அது வராதே. விடுவிப்புச் சீட்டைப் பற்றிய பதில்: “வாங்கினேன். அது எதற்காவது உதவும் என்று அப்போது நினைக்கவில்லை. எலி தின்றுவிட்டது.”

கடைசிப் பக்கத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தாவின் ஆங்கில எழுத்து வழவழவென்று ஓடுகிறது. அதற்குக் கீழே, கூர்கூராக, நடுங்கிய கோட்டில் ஜெர்மன் கையெழுத்து. கப்பல் பட்டியலின் நகலைப் பக்கத்தில் வைத்தேன். அறுபதாண்டு இடைவெளி. பெயரின் முதல் எழுத்து அதே மாதிரி இடப்பக்கம் ஒரு கொக்கியோடு வளைகிறது. அந்தக் கொக்கியை எந்தக் குமாஸ்தாவாலும் மாற்ற முடியவில்லை. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் திரையில் விரல் வைத்து அந்தக் கொக்கியின் மேல் ஒருமுறை வரைந்தார்.

மார்ச் 9

மறுத்த காரணத்தை இன்று நிதானமாகப் படித்தேன்.

1832 சட்டப்படி குறைந்தது ஆறு மாதம் பணி செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு செய்த சாதாரணச் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 80 டாலர். ஆறு மாதத்துக்கு 20 டாலர். பென்சில்வேனியாவில் ஒரு முறை என்பது இரண்டு மாதமென்றால், மூன்று முறை போனால்தான் வாசலே திறக்கும். பெரியவர் மூன்று சொல்கிறார். 1777-இல் போர்க்களம். 1781-இல் ரெடிங்கில் ஜெர்மன் போர்க் கைதிகளுக்குக் காவல். இவை இரண்டும் ஏற்கப்பட்டன. நடுவிலே 1778 தொடக்கத்தில் இரண்டு மாதம், பழைய எஜமானின் நான்கு குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு வேலி ஃபோர்ஜ் முகாமுக்கு மாவு மூட்டை கொண்டுபோயிருக்கிறார். அது படைப் பிரிவில் சேர்ந்து செய்த பணியல்ல என்று தள்ளிவிட்டார்கள். நான்கு மாதம். இல்லை.

வேலி ஃபோர்ஜில் அந்தக் குளிர்காலம் படை பட்டினி கிடந்தது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பனியில் மாவு வண்டி ஓட்டியவனைச் சிப்பாய் இல்லை என்று வாஷிங்டன் நகர மேசை ஒன்று தீர்மானித்தது. சட்டத்துக்கு ஒரு கோடு வேண்டும் என்பது புரிகிறது. வண்டிக்காரர்களையெல்லாம் சேர்த்தால் கணக்குக்கு முடிவே இராது. ஆனாலும் அந்த அரசு இந்த மனிதருக்குக் கடன்பட்டிருந்தது என்றே நான் நினைக்கிறேன். கோபமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 22

கோப்பின் பின்பாதி மனைவியுடையது. பெரியவர் இறந்த பிறகு அந்த அம்மாளும் விண்ணப்பித்திருக்கிறார். 1836 சட்டம், கணவரின் கடைசிப் பணி முடிவதற்கு முன்பே திருமணம் ஆகியிருந்தால் விதவைக்குப் பென்ஷன் என்றது. அவர்கள் திருமணம் 1780. அதை நிரூபிக்க லூதரன் போதகரின் சான்றும், ஜெபப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளும் வைத்திருக்கிறார். பென்சில்வேனியா ஜெர்மானியர் ஃபிராக்டூர் என்று சொல்லும் அலங்கார எழுத்து. சிவப்பும் பச்சையுமாக இரண்டு துலிப் பூ, ஓரத்தில் ஒரு பறவை, நடுவில் திருமண நாள், அதன்கீழ் ஒன்பது பிள்ளைகளின் பிறந்த நாளும் ஞானஸ்நானம் பெற்ற நாளும். மூன்று பெயர்களுக்கு நேரே சிறு சிலுவை.

கணவருக்கே ஆறு மாதம் தேறவில்லை என்பதால் இவரையும் மறுத்துவிட்டார்கள். தாள் திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்திருந்தால் எந்தத் தீயிலோ வெள்ளத்திலோ போயிருக்கலாம். அரசாங்கம் பணம் தரவில்லை. தாளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தது. வண்ண நகலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 5

மாமியாரிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மறுத்துவிட்டார்கள் என்றதும் முகம் வாடியது. “அப்போ அவர் சிப்பாயே இல்லையா?” என்றார். இரண்டு முறை துப்பாக்கி தூக்கினார், ஒரு முறை வண்டி ஓட்டினார் என்றேன். பிள்ளைகளின் பெயர்களை வாசிக்கச் சொன்னார். ஒன்பதையும் இரண்டாம் முறையும் கேட்டார்.

1890-இல் தொடங்கிய ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கத்தில் சேர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்தச் சங்கம் பென்ஷன் கிடைத்ததா என்று பார்ப்பதில்லை. குடிப்படைப் பணிக்கு ஆதாரம் இருந்தால் போதும். படைக்குப் பொருள் கொடுத்து உதவியவர்களையும் தேசத் தொண்டு செய்தவர்களாக ஏற்கிறது. ஹாரிஸ்பர்க் அட்டையும் வாக்குமூலமும் சேர்த்து அடுத்த வாரம் விண்ணப்பம் போகிறது.

பென்ஷன் வாங்கியவர்களின் 1835 பட்டியலையும், 1840 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு எடுத்த பென்ஷன்தாரர் பட்டியலையும் பார்த்துவிட்டு, பெயர் இல்லையே என்று தேடலை நிறுத்துபவர்கள் பலர். எங்கள் பெரியவர் அந்த இரண்டிலும் இல்லை. மறுக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று, ஊரும் காரணமும் குறித்து, 1852-இல் தனியே அச்சாகியிருக்கிறது. இப்படி முன்னோரைத் தேடும் யாராவது இதைப் படித்தால், அந்தப் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். ‘ஆர்’ போட்ட கோப்பு வந்தால் கடைசித் தாள் வரை படியுங்கள்.