நெருப்பு தரும் குளிர்

முதலில் எச்சரித்தது தயிர்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்ற ஊருக்கு வெளியே, ஜூலை வெயிலில் வண்டி நின்றிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஃபிரிட்ஜைத் திறந்த அந்த அம்மாள் முகம் சுளித்தார். "என்னங்க, தயிர் அதுக்குள்ள புளிச்சுப் போச்சு." உள்ளே இருந்த வெப்பமானி 14 டிகிரி செல்சியஸ் காட்டியது. தயிர் போனால் போகட்டும். பக்கத்திலேயே அவருடைய இரண்டு மாத இன்சுலின் இருந்தது.

கணவருக்கு வயது 74. அஸ்ஸாம் தேயிலைத் தோட்ட மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவர். ஃபீனிக்ஸில் வசிக்கும் மகளைப் பார்க்க இருவரும் வந்த இடத்தில், மாப்பிள்ளை 'ஆர்.வி.' ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் கொண்ட வீட்டு வண்டி. "குமிழை முழுசாத் திருகிட்டேன் மாமா. அப்படியும் குளிரலை. ஊருக்குத் திரும்பிடலாமா?" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் ஃபிரிட்ஜில் காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. "இதுல கம்ப்ரஸர் கிடையாது மாப்பிள்ளை. எங்க தோட்டத்து மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜோட தம்பி இது."

மின்சாரம் நம்ப முடியாத அந்த நாட்களில் பாம்புக்கடி மருந்து அந்த மண்ணெண்ணெய்த் திரியை நம்பித்தான் இருந்தது. 1922ல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. குழாய்களுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். அடியில் எரியும் சுடர் கரைசலைக் கொதிக்க வைக்கிறது. பிரியும் அம்மோனியா ஆவி மேலேறி, வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, உள்ளே மீண்டும் ஆவியாகும்போது குளிர் உண்டாகிறது. ஆர்.வி.யில் திரிக்குப் பதில் எரிவாயு அல்லது மின்சாரம், அவ்வளவுதான். பம்ப் எதுவும் இல்லாததால் திரவம் தன் எடையால்தான் கீழே வழிந்து திரும்ப வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைபடும். அப்படியே நெடுநேரம் எரியவிட்டால் குழாய் அடைத்து, ஃபிரிட்ஜ் நிரந்தரமாகவே கெட்டுவிடலாம்.

அதனால் தோட்டத்தில் குளிர் குறைந்தால் அவர் முதலில் தேடுவது ரசமட்டத்தை. இங்கே அது இல்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

வேலை தொடங்கியது. இன்சுலினைத் துண்டில் சுற்றி, பனிக்கட்டி நேரடியாகப் படாதபடி ஐஸ் பெட்டிக்கு மாற்றினார்கள். உறைந்தாலும் இன்சுலின் வீண்தான். ஃபிரிட்ஜை அணைத்து, அது இருந்த சுவரில் மேற்கு வெயில் விழாதபடி வண்டியைத் திருப்பி, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து மட்டம் பார்த்தார்கள். வெளிப்புறக் காற்றுத் துவாரத்தைத் திறந்தால் தூசியும் ஒரு பழைய குளவிக்கூடும். "சூடு வெளியே போக வழியில்லாட்டி உள்ளே எப்படிக் குளிரும்?" என்றார் பெரியவர். துவாரத்தைச் சுத்தம் செய்ததும், மாப்பிள்ளை ஊருக்குள் போய் 12 வோல்ட் சின்ன மின்விசிறி ஒன்று வாங்கிவந்து, சுடரில் காற்றுப் படாமல், சூடான காற்று மேலே போகும்படி பொருத்தினார். மென்பொருள் எஞ்சினியருக்கு அது பழகிய சாமான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அதே விசிறி!

கதவின் ரப்பரைச் சோதிக்க ஒரு டாலர் நோட்டை இடுக்கில் வைத்து இழுத்தார்கள். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே மாப்பிள்ளை அடுக்கியிருந்த, வெயிலில் காய்ந்த இரண்டு டஜன் தண்ணீர் பாட்டில்கள் காற்றுப் போக இடமே விடவில்லை. பாதிக்கு மேல் வெளியேறின. கிளம்பிய அன்று காலைதான் ஃபிரிட்ஜைப் போட்டதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். முந்தின நாளே போட்டு, குளிர்ந்த பிறகு குளிர்ந்த பொருள்களையே வைக்க வேண்டும். இது நிதானமான யந்திரம்.

மாலை 6 மணிக்கு 11 டிகிரி. இரவு 10 மணிக்கு 7. மகள் மருந்துக் கடைக்குப் போன் செய்து விசாரித்தாள். 30 டிகிரியைத் தாண்டாததால் அந்த இன்சுலின் கெடவில்லை. ஆனால் 28 நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்றார்கள். பெரியவர் டப்பா மேல் தேதி எழுதிவைத்தார். இரவில் இரண்டு முறை எழுந்து டார்ச் அடித்துப் பார்த்த மாப்பிள்ளையை, "கதவைச் சும்மா சும்மா திறக்காதீங்க" என்று அதட்டவும் செய்தார்.

விடிந்தபோது வெப்பமானி 4 டிகிரியில் நின்றது. அம்மாள் ஊசி போட்டுக்கொண்டு, புதிதாகத் தோய்த்த தயிரை உள்ளே வைத்தார். தம்ளர் தண்ணீரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஊரிலும் அது வேண்டியிருக்கும்.