ரசீதில் ஒரு வரி

எங்கள் ஊர்க் கிளை நூலகம் ஓர் அரிசிக் கடையின் பின்கட்டில் இருந்தது. வாசலில் தவிட்டு வாசனை, உள்ளே பழைய தாள் வாசனை. அடைமழையில் இரண்டும் சேர்ந்து புளித்துக் கிடக்கும். இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை. தினத்தந்தியை நாலு தாளாகப் பிரித்து நாலு பேர் வைத்திருப்பார்கள். சினிமாப் பக்கம் என் கைக்கு வருவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும்.

அலமாரி ஐந்தே ஐந்து. புதிதாக வந்த புத்தகங்கள் கோணிச் சாக்கில் கட்டியபடியே மூலையில் கிடக்கும். ஓடு ஒழுகினால் நூலகர் ஒரு தார்ப்பாயை எடுத்து, கல்கி, ஜெயகாந்தன் என்று பேதம் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாகப் போர்த்துவார். சாக்கைப் பிரிக்கச் சொல்லி நச்சரித்தால், "எங்க அடுக்குறது தம்பி, என் தலையிலயா?" என்பார்.

உள்ளே நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். காலையில் போட்டவன் சாயங்காலம் வந்தாலும் மறுபடி. எண்ணிக்கையைக் காட்டினால்தான் மேலே கேட்க முடியும் என்பது அவர் கட்சி.

கேட்கிற வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவர் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர். எங்களுக்கு ஐயா. ஒரு நாள் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். மங்கிய கார்பன் எழுத்தில், சொத்து வரிக்குக் கீழே சின்னதாக 'நூலக வரி'. "பாத்தியாடா? நாம பிச்சை கேக்கல. குடுத்த காசைக் கேக்குறோம்."

1948-இல் சென்னை மாகாணம் போட்ட பொது நூலகச் சட்டத்தின் வேலை அது. சுதந்திர இந்தியாவில் அப்படியொரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். சொத்து வரியோடு நூலகத்துக்கென்று தனியாக வசூலிக்கிறார்கள். இப்போது ரூபாய்க்கு 10 காசு. வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவே எத்தனையோ ஊர்க் காசு வருஷக்கணக்கில் நிலுவையாய் நின்றிருக்கிறது. எங்கள் ஊர்க் காசும் நின்றது.

என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால், நூலகத்துக்குக் கட்டிடம் கேட்டு மனு எழுதும் வேலை எனக்கு. ஐயா சொல்லச் சொல்ல, கார்பன் வைத்து மூன்று படி. சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகம் உயிருள்ளதுபோல வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி. வளர்கிற பிள்ளைக்குப் பழைய சட்டையை எத்தனை நாள் மாட்டுவது என்று ஐயா மனுவில் அதற்கு உரை சொன்னார். நல்ல வாக்கியம். 'நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று பதில் வந்தது.

அடுத்த மனுவுக்கு, இடம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். அரிசிக் கடைக்காரரே கொல்லைப்புறத்தில் மூன்று சென்ட் எழுதிக் கொடுத்தார். பின்கட்டு காலியானால் மூட்டை அடுக்கலாம் என்று அவருக்கும் ஒரு கணக்கு. பத்திரம் ஆனது, மதிப்பீடு போட்டார்கள். தேர்தல் வந்தது, விலைவாசி ஏறி மதிப்பீடு பழசானது, மறுபடி மனு. நான் எட்டாம் வகுப்பில் எழுதியதற்கு, வேலைக்குப் போன இரண்டாம் வருஷம் கட்டிடம் எழும்பியது. ஐயாவுக்கு அப்போது பார்வை போய்விட்டது. புதுக் கதவைத் தடவிப் பார்த்து, "தேக்கு இல்ல, வேங்கை" என்றாராம். அதை ஒரு குறையாகவே சொன்னார் என்று கேள்வி.

போன வருஷம் போயிருந்தேன். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வராந்தா வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி இல்லை. மூலையில், பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டி. இப்போதிருக்கும் நூலகர் அம்மா பதிவேட்டை என் பக்கம் தள்ளி, "மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார், மாடி கேட்டு எழுதியிருக்கோம்" என்றார்.