அவிலா நகரத்துத் தவமகளிர் மடம்

மடத்துச் சோறுண்டு தமிழ் கேட்டவன் யான். ஆதலின், எந்நாட்டுத் துறவு மடத்தின் வரலாறு கைக்கு எட்டினும், அங்கே உலை எவ்வாறு கொதித்தது என்று முதற்கண் பார்த்தல் எனக்கு இயல்பாயிற்று. பிறசமயத்தார் மடமாயினும் பார்வை அதுவே. ஸ்பெயின் தேயத்து அவிலா நகரில் தெரேசா அம்மையார் நிறுவிய சூசையப்பர் மடத்தின் வரலாற்றையும் அவ்வாறே படித்தேன்.

அம்மையார் 1535-ஆம் ஆண்டில், அந்நகரத்துக் கார்மேல் சபையின் பெருமடத்திற் புகுந்தார். அங்கே துறவினியர் 150-க்கு மேற்பட்டனர். செல்வக்குடிப் பிறந்தார்க்குத் தனியறை, வறியார்க்குப் பொதுக்கூடம். துறந்த பின்னரும் 'சீமாட்டி' என்னும் குலப்பட்டத்தோடு விளிக்கப்பட்டாரும் உளர். உணவு போதாமையின், உறவினர் மனைகளிற் சென்று தங்குமாறு பலரை மடமே விடுக்கும். அகம் நோக்கி மோனத்திருத்தற்கு அவ்விடம் எங்ஙனம் இசையும்?

1562 ஆகஸ்டு 24-இல் நான்கு பெண்களைக் கொண்டு அம்மையார் சிறுமடம் ஒன்று தொடங்கினார். நிலமில்லை, நிலைத்த வருவாயில்லை, அன்பர் இடுவதும் நூற்றல் முதலிய கைத்தொழிலாற் கிடைப்பதுமே உணவு. நகரசபையார் வெகுண்டெழுந்தனர். ஊரார் இன்னுமொரு கூட்டத்திற்குச் சோறிட வேண்டுமோ என்பது அவர் கவலை. (ஊர்க்கணக்குப் பார்ப்பார்க்கு அக்கவலை தகாததன்று.) மடத்தைக் கலைக்க வழக்கும் தொடுத்தனர், அது நாளடைவிற் றளர்ந்தொழிந்தது.

இவ்வறுமையையே பலரும் வியந்து புகழ்வர். எனக்கோ அதுவே தலையாயதென்று தோன்றவில்லை. 1568-இல் மலகோன் என்னும் சிற்றூரில் மடம் அமைத்தபோது, பிச்சையால் அங்கு வாழ்தல் அரிதென அறிஞர் கூறக்கேட்டு, அம்மையாரே நிலைவருவாயை ஏற்றனர். அறக்கட்டளை நெல்லில் வளர்ந்த எனக்கு இச்செய்தி மகிழ்வளித்ததை மறைப்பானேன்? அவர் கண்ணுங் கருத்துமாய்க் காத்தவை தொகையும் ஒப்புமையுமே. சூசையப்பர் மடத்திற் பதின்மூவர்க்கு மேற்படலாகாதென முதற்கண் வரையறுத்தார். அவ்வெல்லை பின்னர்ச் சிறிது தளர்ந்ததாயினும், பெருங்கூட்டம் சேர ஒருபோதும் இசைந்திலர். பதின்மூவருள் பசித்தவர் யார், புலந்தவர் யார் என்பது ஒளியாதன்றோ! அவர் வகுத்த விதிகளிற் குலப்பட்டத்திற்கு இடமில்லை. பொதுத்தொழிற்கூடமும் இல்லை, பேச்சு வளருமாதலின் தத்தம் அறையிலிருந்தே தொழில் புரிதல் வேண்டும். எனினும் நாள்தோறும் உணவின் பின்னர்க் கூடியிருந்து உரையாடி மகிழப் பொழுது விட்டனர். இதனை யான் மிக மெச்சுகின்றேன், முகஞ்சுளித்த தவம் நெடிது நில்லாது. மடத்தைப் பெருக்குவோர் முறைப்பட்டியலில் தலைவியின் பெயரே முதலில் நிற்றல் வேண்டும் என்பதும் ஒரு விதி.

இவ்விதிகளின் உரம் பாஸ்திரானாவில் வெளிப்பட்டது. 1569-இல் அங்கு மடம் அமைய உதவிய எபோலிக் கோமகள், 1573-இற் கணவனை இழந்தபின் தாமே துறவுடை பூண்டு, ஏவலரோடு அதனுட் புகுந்து, உள்ளேயும் கோமகளாகவே வாழ முற்பட்டார். கொடையளித்தவர், அரசவையிற் செல்வாக்குடையவர். அம்மையார் வாதாடிற்றிலர். 1574-இல் துறவினியர் அனைவரையும் செகோவியா நகர் மடத்திற்கு வருவித்துக்கொண்டார். கோமகளுக்கு வெறுங்கட்டடமே மிஞ்சிற்று.