நாற்பத்தெட்டே சீட்!

சுமார் இருநூறு பேரை ஏற்றக்கூடிய போயிங் 757 விமானத்தில் மொத்தமே 48 சீட் வைத்தால் எப்படி இருக்கும்? வைத்தார்கள் சார்! 2005-ல் லண்டன் - நியூயார்க் ரூட்டில் ஆரம்பித்த 'ஈயோஸ்' கம்பெனி. காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். கூடவே மேக்ஸ்ஜெட், சில்வர்ஜெட் என இன்னும் இரண்டு பேர். எல்லாமே பிஸினஸ் கிளாஸ்!

அப்புறம்? 2007 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மேக்ஸ்ஜெட் நின்றது. 2008 ஏப்ரலில் ஈயோஸ், மே மாதம் சில்வர்ஜெட். எண்ணெய் விலை எகிறியது ஒரு காரணம். இன்னொன்று, பெரிய கம்பெனிகளிடம் ஒரு நாளைக்குப் பல விமானங்கள். மீட்டிங் இழுத்துவிட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வேறு, ஈயோஸ் கிளம்பிய அதே ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து 2007 அக்டோபரில் நியூயார்க்குக்கு சர்வீஸ் விட்டது. போட்டியாளர்கள் படுத்ததும், 2008 ஜூலையில் நிறுத்திக்கொண்டது.

பி.காம். படித்த எனக்கு இதெல்லாம் வெறும் கணக்கு இல்லை. அப்பா எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஏ.சி. வேன் விட்டார். பன்னிரண்டே சீட். ஏறியவர்கள் எல்லாம் 'பிரமாதம்' என்றார்கள். இரண்டு வருஷத்தில் வேனை விற்றோம். 'உங்களுக்கு பிஸினஸ் தெரியலைப்பா' என்றேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொன்னதில்லை. காலேஜிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம், நான் ஏறியது பெரிய கம்பெனி பஸ்ஸில். அரை மணிக்கு ஒரு வண்டி இருக்குமே!

பாரிஸ் - நியூயார்க் ரூட்டில் 2014-லிருந்து 'லா கம்பெனி' என்ற சின்ன நிறுவனம் தாக்குப்பிடித்துப் பறக்கிறது. 76 சீட். நன்றாக இருக்கட்டும்.

நீங்களும் பாராட்டுவதோடு நிற்காமல், டிக்கெட் வாங்கி ஏறுங்கள். பாராட்டை ஊற்றினால் வண்டி ஓடாது!