கதிரவெளியில் ஒரு தேநீர்

2024 நவம்பர். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வழியில், கதிரவெளியில் தேநீருக்காக இறங்கினேன். கடை வாங்கில் நான்கு இளைஞர்கள். மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் டென் ஹாக்கை நீக்கிவிட்டு, போர்த்துக்கல்லின் ரூபன் அமோரிமை நியமித்திருந்த நேரம்.

"பின்னுக்கு மூணு பேர விட்டு விளையாடுறவர். இந்த டீமுக்குச் சரிவராது" என்றான் ஒருவன்.

பழைய பத்திரிகைக்காரனுக்கு வாய் சும்மா இருக்குமா? நானும் நுழைந்தேன். 1986 நவம்பர் 6இல் பொறுப்பேற்ற பெர்குசன் முதற் கிண்ணத்தை வெல்ல 1990 மே வரை ஆனது. ஆறாண்டு ஒப்பந்தத்துடன் 2013இல் வந்த மொயஸைப் பத்தே மாதங்களில் அனுப்பிவிட்டார்களே, பொறுமை வேண்டாமா என்றேன்.

"அந்தக் காலம் வேற, ஐயா!"

பாதி உண்மைதான். பெர்குசனுக்குக் கிடைத்த அவகாசத்தை என் ஆசிரியர்கள் எவரும் எனக்குத் தந்ததில்லை.

விட்டேனா? இருபதாண்டு நிறைவு கண்ட மறுநாளே அவருடைய அணி சவுத்எண்ட் என்ற சிறு கழகத்திடம் 1–0 எனத் தோற்ற கதையை உற்சாகமாகத் தொடங்கினேன். "2006 நவம்பர் 7 இரவு..." திகதி நாக்கில் வந்ததும் நின்றுவிட்டேன். நவம்பர் 8இல்தான் இதே ஊரின் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த அகதிகள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய விளையாட்டுப் பக்கத்தில் என்ன வந்தது என்பது எனக்கு நினைவில்லை.

மூத்தவன் கோப்பையை வைத்தான். "நான் அப்ப மூணாம் ஆண்டு, ஐயா. அந்த மச்சப் பத்தி இப்பத்தான் கேள்விப்படுறன்."

பிறகு நண்பனிடம் திரும்பினான்: "இவருக்கு ரெண்டு சீசன் குடுத்துப் பாப்பம்டா."